முப்பத்தொரு வருஷத்து மழையும் என் கட்டில் காலும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மனைவி நலம். அவளுடைய முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. நானும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. அப்படி மரியாதைக்காகச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனையும் வந்து சேர்ந்தது என்பதால், இந்தக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். எனக்குத் தலை நலம், கைகால் நலம், கண்ணும் காதும் நலம். வயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கிறதல்லவா, அது மட்டும் எட்டு வருஷமாக நலமில்லை. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், ஏழு மாதம் நிறைந்திருக்கும் என் பெண்ணும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜின் தலையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். நாலு மணி வரை படுக்கக் கூடாது, குனியக் கூடாது, வயிறு மடங்குகிற மாதிரி உட்காரக் கூடாது. அதனால் நாலு வரி எழுதுகிறேன், வாசல் வரை ஒரு நடை போகிறேன், திரும்பி வந்து எழுதினதைப் படித்துவிட்டு அடுத்த நாலு வரி எழுதுகிறேன். உள் அறையிலிருந்து என் மனைவி, "கால் வலிக்கலியா உங்களுக்கு? எனக்குப் பாத்தாலே வலிக்குது" என்கிறாள். மூன்று வாரமாக எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் வயிறு பாதி, நீங்கள் பாதி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பெண் ஃபோனில் பேசினாள். ஏதேதோ சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில், "அப்பா, குழந்தை பொறக்கறப்போ அம்மா இங்க வீட்லயே தங்கட்டும். உங்களுக்குப் பக்கத்துத் தெரு லாட்ஜ்ல ரூம் போட்டுடலாம்னு மாமா சொல்றார்" என்றாள். சொல்லிவிட்டு உடனே மருந்துக்கடை, ஸ்கேன் என்று பேச்சை மாற்றினாள். நானும், "அதுக்கென்ன, லாட்ஜ்னா சௌகரியமாத்தான் இருக்கும்" என்று சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளில், நான் பக்கத்துத் தெருவில் துண்டும் சோப்பும் எண்ணி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. நீங்கள் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் வேறு ஊர் லாட்ஜாகப் பார்த்திருப்பேன். ஆனாலும் நடந்தது என்ன என்று நான் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அதை இப்போது சொல்கிறேன்.

கல்யாணப் பேச்சுக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, இன்றுவரை ஒரு மாத்திரை விழுங்கியதில்லை என்று நான் மார்தட்டிக்கொண்டது ஞாபகமிருக்கும். அன்று காலையில்தான் இரண்டு விழுங்கியிருந்தேன். நீங்கள் தொண்டையை ஒரு தடவை செருமினீர்கள். மனுஷன் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்றிலிருந்து நான் எப்போது வாயைத் திறந்தாலும் நீங்கள் செருமுகிறீர்கள். நான் வாயை மூடினாலும் செருமுகிறீர்கள். நாற்பது வருஷம் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன், கத்தினவர்கள், காகிதத்தை விட்டெறிந்தவர்கள் எல்லாரையும் சமாளித்தேன். உங்கள் செருமலுக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனாலேயே என் வியாதியைப் பற்றி உங்கள் வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் பாவம், அதைக் காப்பாற்றினாள்.

வியாதி ஒன்றும் பெரிதில்லை. எதுக்களிப்பு. முதலில் எனக்கே அது தெரியாது. ஒருநாள் சாயங்காலம் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டு வந்ததும் மாரடைப்பு என்று முடிவு கட்டி, பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லி, அவளிடம் இருபது வருஷமாகக் கேட்காமல் இருந்த ஒரு மன்னிப்பையும் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதய டாக்டர் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். நெஞ்சு வலி என்றால் வந்து பார்ப்பதுதான் சரி, அடுத்த தடவையும் தயங்காமல் வாருங்கள் என்று சொல்லி, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிழைத்துக்கொண்டேன் என்ற சந்தோஷத்தைவிட அந்த மன்னிப்பை அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோமே என்ற வருத்தம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அதை என் மனைவி இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள், தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள்.

அப்புறம் வயிற்று டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வால்வு மாதிரி ஒன்று இருக்கிறதாம். சாப்பாடு இறங்கத் திறந்து, இறங்கினதும் மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தளர்ந்துபோய் மூடியும் மூடாமலும் நிற்பதால் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பைக்குள் அமிலத்தைத் தாங்குகிற பூச்சு உண்டு, குழாய்க்கு அது கிடையாது, அதனால் எரிகிறது. நான் நாற்பது வருஷம் ஃபிட்டராக வால்வுகளோடு குடும்பம் நடத்தியவன். விஷயம் சட்டென்று பிடிபட்டது. வாஷரை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமே, எப்போது கழற்றுகிறீர்கள் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது கழட்டி மாட்டற சமாச்சாரம் இல்ல. வால்வு இப்படித்தான் இருக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி நீங்கதான் இருந்துக்கணும்" என்றார். இந்த வாக்கியத்தை என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்ததுதான் என் கெட்ட நேரம்.

அன்றிலிருந்து காலையில் பலகாரத்துக்கு அரைமணி முன்னால் மாத்திரை, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பொரித்தது வேண்டாம், காபி வேண்டாம், புளிப்பு வேண்டாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை, படுத்தால் இடதுபுறம் ஒருக்களித்து, பெல்ட் தளர்வாக, எடை ஆறு கிலோ குறைவாக, இதெல்லாம் போதாதென்று கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றேன். கட்டில் விஷயத்தில்தான் தகராறு. நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியும், பெரிய பெரிய மெஷின்களை அடித்தளத்தில் உட்கார வைப்பது. மயிரிழை சாய்ந்தாலும் ஓடும்போது மெஷின் உதறும். ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டில் நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும், வேலையில் என் பேரே ரசமட்டம்தான். அப்படிப்பட்டவனைச் சரிவில் தூங்கச் சொன்னால் எப்படி? முதலில் மூன்று தலையணை வைத்து ஏமாற்றப் பார்த்தேன், இடுப்பில் மடங்கி எரிச்சல் அதிகமானதுதான் மிச்சம். அப்புறம் ஆறு அங்குலக் கட்டை நாலு அறுத்து நாலு காலுக்கும் வைத்தேன். கட்டில் உயர்ந்தது, குமிழி நடுவிலேயே நின்றது, எனக்குப் பரம திருப்தி. ஒரு வாரம் கழித்து, நெஞ்செரிச்சல் குறையவில்லையே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. கால்மாட்டுக் கட்டைகளை அன்றே என் மனைவி அடுப்படிப் பரணில் போட்டுவிட்டாள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நாலு நாள் தங்க வந்தேனே, அப்போது தலைமாட்டுக் கட்டைகள் இரண்டையும் என் மனைவி பெட்டியில் வைத்திருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு யாராவது கட்டையோடு போவார்களா என்று அவற்றை எடுத்துவிட்டேன். பழக்கதோஷத்தில் ரசமட்டம் மட்டும் பெட்டியில் இருந்தது. முதல் நாள் சம்பந்தியம்மா கொடுத்த காபியை மறுக்க வாய் வரவில்லை, குடித்தேன். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாடு, இரண்டாம் தடவை வேண்டாம் என்றால் சமையல் பிடிக்கவில்லையோ என்று நினைப்பார்களே என்று மூன்றாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். பிறகு படுக்கவும் முடியாமல் உங்கள் ஹாலில் நடந்தேன். என் செருப்பில்லாத கால் எப்படி அவ்வளவு சத்தம் போட்டது என்று தெரியவில்லை, உங்கள் அறைக்குள்ளிருந்து நீங்கள் செருமிக்கொண்டே இருந்தீர்கள். நான் நின்றேன். செருமல் நிற்கவில்லை. நடந்தால் குற்றம், நின்றாலும் குற்றமா என்று திகைத்துப்போய்க் குளியலறையில் போய் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் நடந்ததுதான் என்னை அறுக்கிறது. தபால் நிலையத்தில் உங்களோடு வேலை பார்த்த இருவர் சாப்பிட வந்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷமாக மொட்டைமாடியில் மழைமானி வைத்து, தினம் காலையில் அளந்து, தாள்களை மாதா மாதம் தைத்து, வருஷக் கடைசியில் அட்டை போட்டு வைக்கிறீர்களே, அந்தக் கதையை அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் ரசித்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பெரிய வெள்ள வருஷத்துக்கு வந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டைவரை புளித்துக்கொண்டு ஏறியது. முகம் தானாகக் கோணிக்கொண்டது. நீங்கள் பேச்சை நிறுத்தி, "என்ன சம்பந்தி, சரியா படலையா?" என்று கேட்டீர்கள். வாய் நிறையப் புளிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது? ஒன்றுமில்லை, மேலே சொல்லுங்கள் என்பதற்குக் கையை ஆட்டினேன். போதும் நிறுத்துங்கள் என்பதற்கும் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கையை ஆட்டுகிறார்கள் என்பது உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் நீங்கள் மழையைப் பற்றிப் பேசவில்லை. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். என் பெண் என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி, இரண்டு நாள் தூக்கமில்லாத மனுஷனின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். இரண்டு செங்கல் கேட்டிருந்தால் மாப்பிள்ளை கொடுத்திருப்பார். எதற்கு என்று கேட்பாரே என்று பயம். நான் படுத்திருந்த அறையில், கை எட்டும் தூரத்தில், உங்கள் மழைப் பதிவேடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலத் தடிமன். நாலு வருஷம் சேர்ந்தால் ஆறு அங்குலம். வேண்டுமென்று யோசிக்கவில்லை சம்பந்தி, கை தானாகப் போயிற்று. முதுகைக் கட்டிலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, வலது காலுக்கு நாலு வருஷம், இடது காலுக்கு நாலு வருஷம் கொடுத்தேன். சாப்பிட்ட பின் குனியக் கூடாது என்ற விதியை அந்த அரைமணியில் பதினாறு தடவை மீறினேன். இதோடு படுத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். பாழாய்ப்போன ரசமட்டத்தை எடுத்துக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் நீங்கள் குறிப்புகளும் நிறைய எழுதித் தாள் சேர்த்திருக்கிறீர்கள், அந்தத் தடித்த வருஷங்கள் எல்லாம் வலது காலுக்குப் போய்விட்டன. தலை உயர்ந்து கால் தாழலாம், அது டாக்டர் உத்தரவு. பக்கவாட்டில் சாய்ந்தால் நான் என்ன ஃபிட்டர்? மேஜைமேல் மெலிசாக ஒரு பதிவேடு இருந்தது. அட்டை போடாதது, இரண்டு மாதத் தாள்தான் இருக்கும், சரியாகக் கால் அங்குலம். அதை இடது காலுக்கு மேலே கொடுத்தேன். குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றது. இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தேன், எரிச்சல் இல்லை, பிறந்த குழந்தை மாதிரி தூங்கிவிட்டேன்.

அன்றைக்கென்று விடிகாலையில் மழை பெய்யும் என்று யார் கண்டது? நீங்கள் மாடிக்குப் போய் அளந்துகொண்டு வந்து பார்த்தால் இந்த வருஷத்துப் பதிவேட்டைக் காணோம். வீடே தேடியிருக்கிறது. மாப்பிள்ளை பழைய பேப்பர் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். சம்பந்தியம்மா கடைசியாக என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்த நேரத்தில்தான் நான் கண் விழித்தேன். நீங்கள் வாசற்படியில் அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள், உள்ளே மழைத்தண்ணீர் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நீங்களே அதை இழுத்து எடுத்தீர்கள். தாளில் கட்டில் காலின் வட்டம் பதிந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட நேரம் தவறி எழுதினதில்ல" என்றீர்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னீர்கள். என்னைப் பார்த்து ஒரு தடவை செருமிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதோ, வாசல் வரை போய்விட்டு வந்துவிட்டேன். மூன்றரை ஆகிறது. சம்பந்தி, நான் வியாதியை மறைத்தது என் வறட்டு ஜம்பம். உங்கள் பதிவேட்டை மதிக்காததாக நினைக்க வேண்டாம். ஒரு மனுஷன் முப்பத்தொரு வருஷம் ஒரு வேலையை ஒரு நாள் பிசகாமல் செய்தால் அதன் அருமை இந்த உலகத்தில் யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். அந்தத் தாள்களை நானே வந்து அழுத்தி நேராக்கி, அட்டை போட்டுத் தருகிறேன். இனி உங்கள் வீட்டில் ஏழு மணிக்கே, அரை வயிறுதான் சாப்பிடுவேன், காபி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வேன், கட்டைகளை என் பெட்டியிலேயே கொண்டு வருவேன். நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்னைப் பார்த்துச் செருமலாம். லாட்ஜ் மட்டும் வேண்டாம். ஹாலில் ஒரு நாற்காலி போட்டால் போதும், உட்கார்ந்தே தூங்குவேன், அது இந்த வியாதிக்கு நல்லதும்கூட. குழந்தை வீட்டுக்குள் வரும்போது நான் அந்த வீட்டில் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். என் பெண்ணுக்கும், அவள் வயிற்றில் இருக்கிறவருக்கும் நூறு வயது ஆயுளும், எதைத் தின்றாலும் கீழேயே தங்குகிற வயிறும் அமையட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் பெண் ஃபோன் செய்தாள். அதனால் மேலே நான் எழுதியதில் மன்னிப்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும்.

நான் பஸ் ஏறிய அன்று ராத்திரி, விருந்தாளியை இப்படியா அனுப்புவது என்று சம்பந்தியம்மா சண்டை போட்டார்களாமே. கோபித்துக்கொண்டு நீங்கள் என் அறையில், என் கட்டிலில் போய்ப் படுத்தீர்களாமே. காலையில் அந்த அறையிலிருந்து ஒரு செருமல்கூடக் கேட்காததால் சம்பந்தியம்மா பயந்துபோய் ஓடிவந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்களாமே. மூன்று வாரமாக அந்தக் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறீர்கள் என்றும், நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பல வருஷமாக இருக்கும் செருமலும் வறட்டு இருமலும் எதுக்களிப்புதான், சில பேருக்கு நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டையில்தான் காட்டும் என்று சொன்னார் என்றும் சொன்னாள். ஆக, நீங்கள் ஒரு நாளும் என்னைப் பார்த்துச் செருமவில்லை. ஆறு வருஷமாக நான் நடுங்கியதெல்லாம் உங்கள் வால்வைப் பார்த்து. இது தெரிந்திருந்தால் கல்யாணப் பேச்சிலேயே இன்னும் இரண்டு பொய் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

லாட்ஜ் விஷயத்துக்குக் காரணம் கோபம் இல்லையாம். நான் வந்தால் கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமாம். இதை என் பெண் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தாள். அன்றைய மழையைப் பதிந்துவிட்டுக் குறிப்பில், "தாமதம். பதிவேட்டின்மேல் சம்பந்தி உறக்கம்" என்று நீங்கள் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டினாள். அந்தத் தாளை மட்டும் நான் அழுத்தி நேராக்க மாட்டேன். அப்படியே இருக்கட்டும்.

வியாழக்கிழமை புறப்பட்டு வருகிறேன், உங்களைக் கேட்கவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். இரண்டு கட்டிலுக்கும் சேர்த்து நாலு கட்டை கொண்டு வருகிறேன், உங்கள் எட்டு வருஷத்து மழையை அலமாரிக்கு அனுப்பிவிடலாம். அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். இந்த வருஷத்தை நீங்கள் உருவி எடுத்ததிலிருந்து இடப்பக்கம் கால் அங்குலம் தாழ்ந்துதான் படுத்திருக்கிறீர்கள். இடதுபுறம் படுப்பது நல்லது என்பதால் பிழைத்தீர்கள், ஆனாலும் அது எனக்கு இங்கிருந்தே உறுத்துகிறது. நாலு தாள் மடித்துக் கொடுங்கள்.

தொட்டிலை யாரும் தொட வேண்டாம். நம் இரண்டு பேருக்கும் சரிவு விதித்திருக்கிறது, போகட்டும். குழந்தைக்கு நான் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கட்டுகிறேன், நீங்கள் கூட நின்று குமிழி நடுவில் நிற்கிறதா என்று சொன்னால் போதும்.